லாஞ்சுக்கு ஒரு கித்தார்

ஏப்ரல் 17, வியாழன்

இன்றும் மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. டீசல் வாசம், பெயின்ட் வாசம், பீடி. வீட்டுக்காரர் சட்டையைத் துவைக்க வாங்குவது போல வாங்கி, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, காலரில் மூக்கை வைத்து... இந்த வேலைக்கு யாராவது சம்பளம் கொடுத்தால் எனக்கு இந்நேரம் பிரமோஷன் கிடைத்திருக்கும்.

குடிநோய் மறுவாழ்வு மையத்தின் ஆலோசகர் ஜெரினா மேடம் சொல்லி அனுப்பினார்: "தினம் கொஞ்சம் எழுதுங்க மங்கை. அவரைப் பத்தி எழுதாதீங்க, உங்களைப் பத்தி எழுதுங்க." என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கம்பெனியில் பில் போடுகிறேன். வீடு எர்ணாவூர் சுனாமி குவாட்டர்ஸில். ஒரே மகள் ரேகா, பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகப்போகிறாள். வீட்டுக்காரர் தேசப்பன், காசிமேட்டில் லாஞ்சு டிரைவர். பத்தொன்பது வருஷம் குடித்தார். நாற்பத்தைந்து நாள் மையத்தில் இருந்தார். போன மாதம் திரும்பி வந்தார். பாருங்கள், நாலாவது வரியிலேயே அவரைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்து மூன்று நாள் ஆகிறது. ஜூன் பதினான்கு வரை லாஞ்சுகள் எல்லாம் கரையில் கிடக்கும், இவரும் என் கண் முன்னால் இருப்பார். அதற்கப்புறம் ஒரு தடவை போனால் பன்னிரண்டு நாள், பதினைந்து நாள். கடலுக்குள் போன் எடுக்காது. ஏழெட்டு ஆம்பளைகள், சுற்றிலும் தண்ணீர். பாட்டில் ஏற்றாமல் கிளம்பின லாஞ்சை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அங்கே என் மூக்கு எட்டாது.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். போதும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ரேகா போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒருவன் கித்தார் வாசித்தான். இவர் சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்து, "அது ஜி. அத்த நான் புடிப்பேன்" என்றார்.

ரெண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம்.

மையத்தில் ஒரு பழைய கித்தார் கிடந்ததாம். பார்க்க வந்த ஒருத்தர் மூன்று கார்டு சொல்லிக்கொடுத்தாராம். கார்டு என்றால், கழுத்தில் சொன்ன இடங்களில் விரல்களை அழுத்திக்கொண்டு ஆறு கம்பியையும் ஒன்றாக மீட்டுவது. ஜி, சி, டி என்று மூன்று. அது தெரிந்தால் பாதிப் பாட்டு வந்துவிடுமாம்.

"ஆரம்பத்துல கை நடுங்கிகினே இருக்கும்ல. அத்த புடிச்சிகினா நடுங்காது. ராவாச்சின்னா ஒரு மாதிரி வரும், அப்ப கைக்கு இன்னாவது வேல ஓணும்" என்றார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "லாஞ்சுல எடுத்துகினு போற மாதிரி சின்னதா ஒண்ணு இருந்தா ஸோக்கா இருக்கும்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து இவர் வாய்விட்டுக் கேட்டது குழம்புக்கு உப்பு மட்டும்தான். மற்றதையெல்லாம் கேட்காமலேயே வாங்கிக் குடித்துவிடுவார்.

ஏப்ரல் 21

கித்தார். சின்னது. உப்புக் காற்றுக்குத் தாங்குவது. கண்டுபிடிக்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

ஆபீசில் பில்லுக்கும் பில்லுக்கும் நடுவில் கித்தார் படிப்பு. மூன்று நாளில் இவ்வளவு தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் இந்நேரம் அரசாங்க வேலையில் இருந்திருப்பேன்.

மேல் பலகை முழு மரமாக இருந்தால் நாதம் நன்றாக வருமாம். ஆனால் ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். பிளைவுட்டாக இருந்தால் நாதம் ஒரு மாற்று குறைவு, ஆனால் தாங்கும். பெரியது நாற்பத்தொரு அங்குலம், லாஞ்சில் படுக்கிற இடத்தில் அதை வைத்தால் இவர் எழுந்து நிற்க வேண்டியதுதான். முப்பத்தாறு அங்குலத்தில் ஒன்று வருகிறது. அதைவிடச் சின்னதும் உண்டு, பயணத்துக்கென்றே செய்தது, கழுத்து ஒல்லி, பார்க்க அழகு. அதில் ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறேன். பயணம் என்று அவர்கள் சொல்வது ரயிலையும் மலையையும். நடுக்கடலுக்கு எது என்று ஒருவரும் எழுதவில்லை.

இரும்பு விற்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எந்தத் தகடு எண்ணூர்க் காற்றில் எத்தனை மாசம் தாங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு மரப்பெட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 26, சனி

அரை நாள் லீவு போட்டு பாரிமுனைக்குப் போனோம். இவர் வர மாட்டேன் என்றார். இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் பெயர் ஃபர்ஹான், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். நான் குறித்து வைத்ததைக் காட்டினேன். எடுத்துக் கொடுத்தார்.

இவர் உட்கார்ந்து விரலை வைத்தார். ஒரு கம்பியை அழுத்தினால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து அமுங்கியது. மறுபடி வைத்தார். அதே கதை. கழுத்து ஒல்லி, இவர் விரலோ ஒவ்வொன்றும் நேந்திரம்பழம். சட்டென்று கித்தாரைக் கீழே வைத்துவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். "போலாம் மங்க. நம்பளுக்கெல்லாம் இது ஆவாது."

"அண்ணே, கைய காட்டுங்க" என்றார் ஃபர்ஹான்.

காட்டவில்லை. நான்தான் பிடித்து முன்னால் இழுத்தேன். இடது கை மோதிர விரல் முழுசாக மடங்காது, எட்டு வருஷத்துக்கு முன்னால் வலை இழுக்கிற வின்ச் கயிறு சிக்கி இழுத்தது. ஃபர்ஹான் விரல் நுனியைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "புதுசா கத்துக்கறவங்க எல்லாம் ஒரு மாசம் விரல் வலிக்குதுன்னு அழுவாங்க. உங்களுக்கு வலிச்சுதா?"

"இன்னாத்துக்கு வலிக்கணும்?" என்றார் இவர், உண்மையாகவே புரியாமல்.

ஃபர்ஹான் உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். முப்பத்தாறு அங்குலம், நைலான் நரம்பு. கழுத்து அகலம், நரம்புகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். நைலான் துருப்பிடிக்காது. எல்லாப் பக்கமும் பிளைவுட். இவர் ஜி வைத்தார். வந்தது. மெத்தென்று, சத்தம் குறைவாக, ஆனால் வந்தது. நான் குறித்து வைத்திருந்த சீட்டை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"எத்தனை வருஷம் கேரண்டி?" என்று கேட்டேன்.

"அக்கா, இது ஃபேன் இல்ல."

"உப்புக் காத்துக்கு?"

"உப்புக் காத்துக்கு எந்த மரமும் ஆகாதுக்கா. வாசிச்சதும் துடைங்க, பையில வைங்க, வெயில்ல போடாதீங்க. அவ்ளோதான் நம்மளால முடியும்."

இந்த மாதிரி பதில்கள் எனக்குப் பிடிப்பதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் இவர் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை மட்டும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே வந்தார்.

மே 2, வெள்ளி

வாங்கிவிட்டேன். அந்த நைலானேதான். நான் மட்டும் தனியாகப் போய் வாங்கி வந்தேன்.

மே 6, செவ்வாய்

நாலு நாளாக வீட்டில் ஜி, சி, டி. ஜி-யிலிருந்து சி-க்குப் போக முதல் நாள் ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது. இன்று மூச்சு விடுகிற நேரம்தான். மடங்காத விரலை வைத்துக்கொண்டு சி வராது என்று ரேகா வீடியோ பார்த்துச் சொன்னாள். அவர் ரெண்டே விரலில் ஏதோ ஒரு சியைக் கண்டுபிடித்துவிட்டார். "கம்பெனி சி இல்ல, லோக்கல் சி" என்றார்.

கீழ் வீட்டு முத்தம்மா மேலே வந்தாள். சத்தம் என்று சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்துச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன். அவள் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். "ஒரே பாட்டத்தான் அடிக்கிறாரு. ஆனா பாட்டில ஒடைக்கிற சத்தத்துக்கு இது எவ்ளோ தேவல" என்று சொல்லிவிட்டுப் போனாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சாயங்காலம் அவர் வாசிக்க, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது. உடனே பயம் வந்தது. எனக்குச் சந்தோஷம் வந்தால் அதன் பின்னாலேயே யாரோ கதவைத் தட்டப்போகிற மாதிரி இருக்கும்.

மே 9

இன்று மோந்து பார்க்க மறந்துவிட்டேன். ஞாபகம் வந்ததும் ஓடிப்போய் மோந்து பார்த்தேன்.

மே 13, செவ்வாய்

கித்தாரைத் துடைக்கும்போது பார்த்தேன். நரம்பை முறுக்குகிற சாவிகளில் ரெண்டில் துரு. பின்பக்கத்து ஓரத்தில் பிளைவுட் நகம் நுழைகிற அளவுக்குப் பிரிந்திருக்கிறது. வாங்கிப் பதினோரு நாள். கடலிலிருந்து அரை பர்லாங் தள்ளி, பைக்குள், பீரோ மேல் இருக்கும்போதே இப்படி. லாஞ்சில் பதினைந்து நாளில் என்ன ஆகும்? நடுக்கடலில் அது பிளந்துகொண்டு நிற்கும்போது, அந்தக் கைகள் என்ன செய்யும்? பக்கத்தில் கிளாஸ் இருக்கும்.

ஜூன் பதினான்குக்கு ஒரு மாசம்தான் இருக்கிறது. ஏதாவது செய்ய வேண்டும்.

மே 18, ஞாயிறு

ஒரு வழி கிடைத்துவிட்டது. இது எப்படி இத்தனை நாள் தோன்றவில்லை!

டில்லிபாபு அண்ணன் இவருடைய தங்கை வீட்டுக்காரர். காசிமேட்டில் படகுகளுக்கெல்லாம் ஃபைபர் ஒட்டுகிறவர். தடைக்காலம் என்றால் அவருக்குச் சோறு தண்ணி கிடையாது, அவ்வளவு வேலை. கடலில் இறங்குகிற எந்த மரத்திலும் அவர் கை பட்டிருக்கும். ஓட்டை விழுந்த மரத்தில் கண்ணாடிநார்ப் பாயைப் போட்டு, மேலே ரெசின் பசையைத் தேய்த்து விட்டால் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை. இவர் லாஞ்சில் பெயின்ட் அடிக்கப் போயிருந்த நேரம், கித்தாரை ஒரு பெட்ஷீட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். சொல்லாமல் செய்து காட்டலாம் என்று.

அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா தங்கச்சி, கோட்டிங் இல்லாமயே கடலுக்கு அனுப்பப் பாத்தியா? நல்லவேள கொணாந்த."

"தாங்குமாண்ணே?"

"லாஞ்சே தாங்குது, இது தாங்காதா? உள்ளயும் ஒரு கை போட்டுர்றேன். வெளிய மட்டும் போட்டா, ஓட்ட வழியா தண்ணி பூந்து மரம் ஊதிக்கும்."

பக்கத்தில் நின்று பார்த்தேன். நரம்புகளை நானே கழற்றினேன். மேலே இருந்த வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். வட்ட ஓட்டைக்குள் கையை விட்டு மேல் பலகையின் அடிப்பக்கம் முழுக்க ஒட்டினார். வெளியே ரெண்டு அடுக்கு. பிரிந்த ஓரத்தில் மூன்று. ஒரு இடம் விட்டுப்போனதை நான்தான் காட்டிக்கொடுத்தேன். கடைசியில் லாஞ்சுக்கு அடித்த அதே நீலம். "நம்பர் மட்டுந்தான் எழுதல" என்று சிரித்தார். காசு கொடுத்தேன், கையைத் தட்டிவிட்டார். "மச்சான் திருந்தி வந்துக்கீறாரு. இதுகூட செய்யலைன்னா நான் இன்னா மன்சன்?"

ரெண்டு நாள் காய வேண்டும். அதுவரை இவர் கேட்டால், சாவியில் துரு எடுக்கக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வரும் வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. முதல் தடவையாக ஒன்றைப் பிடித்து, அசையாமல், கெட்டியாக, என் கையால்...

மே 20, செவ்வாய்

கெடுத்துட்டேன்.

நானே கெடுத்துட்டேன். வேற யாரும் இல்ல.

காசிமேட்டிலிருந்து எடுத்து வந்ததும் ரேகா வீடியோ பார்த்து நரம்புகளை மாட்டினாள். மாட்டும்போதே, "வெயிட்டா கீதேம்மா" என்றாள். முறுக்கி, மீட்டினாள். டொக். மறுபடி மீட்டினாள். டொக். மேசையில் விரலால் தட்டினால்கூட இதைவிடச் சத்தம் வரும். நரம்பு ஆடுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு ஒன்றும் வரவில்லை.

"அம்மா, இத்த இன்னாம்மா பண்ண?"

அதற்குள் அவர் வந்துவிட்டார். ஒளித்து வைக்கக்கூட நேரமில்லை. நீல நிறத்தைப் பார்த்தார். வாங்கினார், உட்கார்ந்தார், ஜி வைத்தார். டொக். ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். விரலால் தடவினார்.

"மச்சானா?"

"நாந்தான்" என்றேன். "நாந்தான் குடுத்தேன். தாங்கணும்னு..."

எழுந்தார். சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். ஜன்னலில் நின்றேன். முடிஞ்சிது, எல்லாம் முடிஞ்சிது, இப்ப கடைக்குத்தான் போறாரு, நானே அனுப்பி வெக்கிறேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரேகா என்னைப் பார்க்கவே இல்லை.

முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் ஒரு பாக்கெட் தயிர். "நாளைக்கு மோர் கொழம்பு வையி" என்றார். சட்டையை மோந்தேன். ஒன்றும் இல்லை.

மே 21, புதன்

ஃபர்ஹானிடம் எடுத்துக்கொண்டு போனேன். பார்த்தவுடன் எழுந்து நின்றுவிட்டார். யாரோ செத்த வீட்டில் நிற்பது போல ரெண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டார்.

"எடுத்துட முடியுமா?"

"முடியாதுக்கா. மரத்தோட மரமா புடிச்சிருச்சு. இழுத்தா பலகையும் சேந்து வரும்." தட்டிப் பார்த்தார். "மேல் பலகை மெலிசா இருக்கறது எதுக்குன்னா, அது ஆடணும். நரம்போட சேந்து அது ஆடினாத்தான் சத்தம். இப்ப அது ஆட முடியாதுக்கா. நீங்க கட்டிப் போட்டுட்டீங்க."

கத்திவிட்டேன். அன்னிக்கே இத்த சொல்றதுக்கு இன்னா, தொடைங்க, பையில வைங்கன்னு சொன்ன வாய்க்கு ஃபைபர் போடாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியலையா என்று. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்படி ஒருத்தங்க செய்வாங்கன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றார் பாவம், மெதுவாக.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் நீலப் பெயின்ட்டைப் பார்த்து, "இன்னாக்கா, இது லாஞ்சா?" என்றார். ராயபுரம் தாண்டும்போது அழுகை வந்துவிட்டது. துடைக்கவும் இல்லை.

மே 25

டில்லிபாபு அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை. "மச்சான் வாசிக்கிறாரா?" என்று இன்று கேட்டார். வாசிக்கிறார் என்றேன். பொய்யும் இல்லை. நீலப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தினம் சாயங்காலம் விரல்களை மாற்றி மாற்றி வைக்கிறார். டொக், டொக். வேறொன்று வாங்கலாம் என்றேன். "உடு" என்றார்.

ஜூன் 3, செவ்வாய்

இன்று குடித்துவிட்டு வந்தார்.

மோந்து பார்க்கவே வேண்டாம், மாடிப்படி ஏறுகிற சத்தமே சொல்லிவிட்டது.

என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. லாஞ்சு வேலை முடிந்து தண்ணீரில் இறக்கிவிட்டார்கள், ஓனர் நல்லபடியாகத்தான் பேசினாராம், யாரும் சண்டை போடவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை. கித்தார் கெட்ட அன்று குடிக்கவில்லை. அதற்கப்புறம் பதினான்கு நாள் குடிக்கவில்லை. இன்று, ஒரு செவ்வாய்க்கிழமை, சும்மா.

கத்தினேன். தட்டை வீசினேன். ரேகா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னாத்த செஞ்சா நீ குடிக்காம இருப்ப, சொல்லு, அத்த செஞ்சி தொலைக்கிறேன் என்று கேட்டேன்.

அவர் தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "ரெண்டு மாசமா என்னை மோந்துகினே கீற. தெரியாதுன்னு நெனச்சியா? பாத்ரூம்ல என் சட்டைய வெச்சிகினு நிக்கிற. கித்தார் ஓணும்னு நான் ஒரு வார்த்த சொன்னேன். தேடுனது நீ, பேசுனது நீ, தனியா போயி வாங்குனது நீ, கோட்டிங் போட்டதும் நீ. என்னாண்ட கேட்டியா?"

"அதுக்குன்னு குடிச்சியா?"

"இல்ல." ரொம்ப நேரம் தலையை ஆட்டினார். "அதுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல மங்க. அதான் உனக்குப் புரியல. நீ இன்னா செஞ்சாலும், செய்யாங்காட்டியும், அதுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல."

அப்படியே படுத்துத் தூங்கிவிட்டார். நான் உட்கார்ந்திருக்கிறேன். சம்பந்தம் இல்லை என்றால் நான் எதற்கு?

ஜூன் 4, புதன்

ஆபீஸ் மாடியில் நின்று ஜெரினா மேடத்துக்குப் போன் செய்தேன்.

"ஒரு நாள் வழுக்கினா எல்லாம் போச்சுன்னு அர்த்தம் இல்ல. நிறைய பேருக்கு நடக்கும். அவர் எழுந்துக்கணும், அவ்ளோதான்."

"நான் இன்னா செய்யணும் மேடம்?"

"நீங்க செய்ய வேண்டியது ஒண்ணும் இல்ல, மங்கை."

ஆறுதலாகச் சொல்கிறார், தெரிகிறது. ஆனால் உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத வாக்கியம் இதுதான். கீழே லாரியில் கம்பி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜூன் 9, திங்கள்

லாஞ்சு ஓனரைப் பார்க்கக் காசிமேடு போனேன். இந்தத் தடவை இவரைக் கூட்டிப் போகாதீர்கள் என்று சொல்ல. பஸ்ஸில் ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

அவர் வலைக்கு மேல் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். "இன்னாம்மா?" என்றார். தூரத்தில் இவர் லாஞ்சின் டிரைவர் அறைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. நான் சொன்னால் இவர் ஒரு லாஞ்சில் இருந்து இறங்குவார். சாயங்காலத்துக்குள் காசிமேடு முழுக்கத் தெரிந்துவிடும், எந்த லாஞ்சிலும் ஏற்ற மாட்டார்கள். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வார்?

"ஐஸ் எப்ப ஏத்துறீங்க?" என்று கேட்டேன்.

"பதினாலு" என்றார், என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு.

திரும்பி வந்துவிட்டேன். அங்கேயும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஜூன் 14, சனி

மத்தியானம் கிளம்பினார். ரெண்டு லுங்கி, மையத்தில் கொடுத்த மாத்திரை, பீடிக் கட்டு. கித்தாரையும் பையில் போட்டுத் தோளில் மாட்டினார்.

"அது எதுக்கு? சத்தமே வராதே" என்றேன்.

"வெரல் வெக்கிற எடம் மாறலியே." கொஞ்சம் நின்று, "தண்ணில உழுந்தா மெதக்கும். மச்சான் கோட்டிங்" என்றார். ரேகா சிரித்தாள். எனக்கு வரவில்லை.

குடிக்காதே என்று சொல்லவில்லை. சொல்லி என்ன? சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போடு என்றேன். தலையாட்டினார். தெருமுனை வரை பார்த்தேன், நீலக் கழுத்து பைக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது.

ஜூன் 17

போன் எடுக்கவில்லை. எடுக்காது என்று தெரியும். மூன்று தடவை அடித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவரைப் பற்றி எழுதாதீர்கள் என்றார் ஜெரினா மேடம். நான் எழுதவில்லை, பிளைவுட்டைப் பற்றியும் துருவைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். எல்லாம் அவர்தான்.

இப்போது மோந்து பார்க்கச் சட்டையும் இல்லை, துடைக்கக் கித்தாரும் இல்லை. ஆபீஸ் விட்டு வந்து கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தலை வலிக்கிறது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. கண் டெஸ்ட் செய்ய வேண்டும் என்று ரெண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

ரேகா கேட்டாள்: "நைனா அங்க குடிச்சிகினு இருப்பாராம்மா?"

"தெரியல" என்றேன். எப்போதும், இருக்க மாட்டார் என்பேன், இல்லை இருப்பார் என்று கத்துவேன். தெரியவில்லை என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள்.

ஜூன் 26, வியாழன்

வந்துவிட்டார். பன்னிரண்டு நாள். மத்தியானம் ரேகா போன் செய்தாள், ஆபீசில் சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

முகம் கறுத்து, தாடியோடு, குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கென்று கொண்டுவந்த வஞ்சிரம் தண்ணீர்ப் பாத்திரத்தில் கிடந்தது. கித்தார் மூலையில் நின்றது. அதில் ஒரு கீறல் இல்லை, ஒரு இடம் பிரியவில்லை. டில்லிபாபு அண்ணன் சொன்னது சொன்னபடி.

சோறு போடப் போனேன். "உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன்.

"அஞ்சாம் நாள் குடிச்சேன். ரெண்டு கிளாஸு. சமையல்காரன் ஊத்துனான். அவன் மேல தப்பு இல்ல, நானாத்தான் கேட்டேன். ஆறாம் நாளு காலைல எய்ந்ததும் திரும்பக் கேட்டேன். கொண்ணாந்தான். வாங்கி வெச்சிகினு உக்காந்துகினு இருந்தேன். அப்பால கடல்ல ஊத்திட்டேன். அதுக்கப்புறம் இல்ல. நேத்து கேக்கணும்னு இருந்துச்சு. கேக்கல." தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

குடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நம்பாமல் இருக்கத் தெரியும். குடித்ததை மறைத்திருந்தால் கண்டுபிடிக்கத் தெரியும். பத்தொன்பது வருஷமாக இந்த ரெண்டும் எனக்கு அத்துப்படி. கண்டுபிடிக்காமலேயே, கேட்காமலேயே, அவராகச் சொன்னால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோபம் வந்தது. அழுகையும் வந்தது. ரெண்டும் ஒன்றாகவே வந்தன.

"ஏன்யா என்கிட்ட சொல்ற?" என்றேன் கடைசியில்.

"வேற யாராண்ட சொல்றது?"

சோறு போட்டேன். மீனை நான் கழுவும்போது ரேகாவும் வந்து உட்கார்ந்தாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு ஜெரினா மேடத்தப் பாக்கப் போறேன். நீயும் வரியா? வரலைன்னாலும் நான் போவேன்."

வருகிறேன் என்று சொன்னேன். ஆபீசுக்குப் போன் செய்து நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன்.